சுவரோரக் கட்டில்

பயப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஊட்டியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் என் பொறுப்பு அதுதான். நோயால் வரும் ஆபத்தை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்களால் வரக்கூடிய ஆபத்தை நான் பார்க்க வேண்டும். மருந்து மாறுவது, ஆள் மாறுவது, ஈரத் தரையில் வழுக்கி விழுவது, கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட மறப்பது, இப்படி. பல வருடம் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு இதற்கு வந்தேன். இயல்பிலேயே நான் பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி இறக்கம் வந்த பிறகு, கேஸை அணைத்தோமா என்று மறுபடி மேடேறிப் போகிறவள். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவரோடு சேர்ந்து நானும் பிரேக் மிதிப்பேன். "உனக்கேத்த வேலையாப் பாத்துத்தான் குடுத்திருக்காங்க" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

இந்த வேலைக்கு வந்ததும் நான் பிடிவாதமாகக் கொண்டுவந்தது கைப்பட்டை. நோயாளியைச் சேர்க்கும்போதே பெயர் எழுதிய பிளாஸ்டிக் பட்டையை மணிக்கட்டில் மாட்டிவிடுவோம். மருந்து கொடுக்கிறவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கோயம்புத்தூரில் இது பெரிய காரியமில்லை. ஊட்டியில் எந்த நோயாளியின் மணிக்கட்டு வெளியே தெரிகிறது? அங்கிக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, தலையில் குல்லா, அதற்கு மேல் கம்பளி. பட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் தூங்குகிறவரை எழுப்பி, கையை வெளியே நீட்டச் சொல்லி, இறுக்கமான ஸ்வெட்டர் கையை மேலே தள்ள வேண்டும். விடியற்காலைக் குளிரில் யார் கை நீட்டுவார்கள்? வாய்விட்டே திட்டுவார்கள். அதனால் கட்டில் எண்ணைப் பார்ப்பது, பெயரைச் சொல்லி "நீங்கதானுங்களே?" என்று கேட்பது, தலையாட்டினால் கொடுத்துவிட்டு நகர்வது என்று ஒரு வழக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நான் போகிற இடமெல்லாம் ஸ்வெட்டர் கையைத் தூக்கிப் பார்ப்பதால் எனக்குக் 'கண்டக்டரம்மா' என்று பட்டப்பெயர். நான் வார்டுக்குள் நுழைந்தால், "எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சா?" என்று யாராவது ஒருத்தி குரல் கொடுப்பாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். காட்டிக்கொண்டால் இன்னும் கூடும் என்று பேசாமல் இருப்பேன்.

எங்கள் கட்டடம் பழைய பங்களா. பெண்கள் வார்டில் பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள், மரச் சட்டங்கள். மழைக்காலத்தில் மரம் ஊறி உப்பிக்கொண்டு எதுவும் முழுதாக மூடாது. அதே வார்டில் ஒரு சுவருக்குப் பின்னால் சமையலறை. அங்கே வெந்நீர் பாய்லர் ஓடிக்கொண்டே இருப்பதால் அந்தச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சுவரை ஒட்டிய கட்டிலுக்கு எப்போதும் போட்டிதான். சிபாரிசுகூட வரும்.

போன வருடம் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்ட சமயம். சுவரோரக் கட்டிலில் ஊட்டியிலேயே பெர்ன்ஹில்லிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். அறுபதைத் தாண்டியவர். ரொம்ப வருடமாகச் சர்க்கரை, காலில் ஆறாத புண். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி. ஜன்னலோரக் கட்டிலில் தேவாலாப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா. பித்தப்பைக் கல்லுக்கு மறுநாள் காலையில் ஆபரேஷன். அதற்காக இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அவருக்குச் சர்க்கரையும் இல்லை, வேறு எந்தத் தொந்தரவும் இல்லை. தேவாலாவில் மழை கொட்டும், ஆனால் ஊட்டிக் குளிர் அங்கே கிடையாது. பாவம், அவர் ராத்திரியெல்லாம் நடுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

காலையில் மற்றவர்களுக்கு டிபன் கொடுத்து முடித்த பிறகு, ஆபரேஷன் தியேட்டர் ஆட்கள் தள்ளுவண்டியோடு வந்தார்கள். தியேட்டருக்குப் போகிறவரின் கைப்பட்டையை நானே பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனோம். ஆள் மூக்குவரை சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டர் கையை மேலே தள்ளிப் பட்டையைப் படித்தேன். பெர்ன்ஹில் அம்மாவின் பெயர்.

"நீங்க எப்பிடிங்கம்மா இங்க?"

"அந்தப் பொண்ணு குளுர்ல வெடவெடன்னு நடுங்கிட்டுக் கெடந்துதுங்க. பாக்க முடியல. எனக்கு இந்தக் குளுரெல்லாம் பழகிப்போச்சு, நீ வந்து என் கட்டல்ல படு கண்ணுன்னேன். வெடியறதுக்கு முன்னாலயே மாத்திக்கிட்டோமுங்க."

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கணத்தில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. காலில் புண்ணோடு இருப்பவரைப் பித்தப்பை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள், நான் பிடித்துவிட்டேன். கண்டக்டர் என்று சிரித்தீர்களே, பாருங்கள் என்று தியேட்டர் ஆட்களைப் பெருமையாகக்கூடத் திரும்பிப் பார்த்தேன்.

அதற்குள் அடுத்த யோசனை வந்துவிட்டது. இவர் இங்கே என்றால், சுவரோரக் கட்டிலில் இருப்பது தேவாலா அம்மா. டிபனுக்கு முன்பே அந்தக் கட்டிலுக்கு இன்சுலின் போயிருக்கும்.

ஓடினேன். அவர் குல்லாவைப் புருவம்வரை இழுத்துவிட்டு, கம்பளிக்குள் சுருண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா, "அந்தம்மாவுக்குக் கணப்பா இருக்குதுபோல, நல்ல தூக்கமுங்க" என்றார். கம்பளியை விலக்கிக் கழுத்தில் கை வைத்தேன். ஸ்வெட்டர் தொப்பலாக நனைந்திருந்தது. ஊட்டியில் ஜூன் மாதத்தில் யாருக்கும் வேர்க்காது. தோளைப் பிடித்து உலுக்கினேன், கூப்பிட்டேன், கன்னத்தில் தட்டினேன். கண் திறக்கவில்லை. தொண்டையில் ஒரு சத்தம் மட்டும் வந்தது.

விரலில் குத்தி மீட்டரில் வைத்துப் பார்த்தோம். எண்ணே வரவில்லை, 'லோ' என்று மட்டும் காட்டியது. ஆபரேஷனுக்காக முந்தின நாளே கையில் ஊசிக்குழாய் போட்டிருந்ததால் பிழைத்தோம். டியூட்டி டாக்டர் ஓடிவந்து அதிலேயே குளுக்கோஸை ஏற்றினார். நான் தேவாலா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை சில்லென்றிருந்தது.

குளுக்கோஸ் ஏறட்டும் என்று காத்திருந்தோம். இன்சுலின் போட்டவர் சாப்பிட்டே ஆக வேண்டும். இவர் முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. எப்போதிருந்து இப்படிக் கிடக்கிறார்? நாங்கள் டீ குடித்துக்கொண்டு இருந்தபோதா? டிபன் வண்டி இவர் கட்டிலைத் தாண்டிப் போனபோதா? சர்க்கரை ரொம்ப நேரம் இறங்கிக் கிடந்தால் மூளை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கண் திறந்தாலும் பழைய ஆளாகத் திறப்பாரா என்றுதான் மனது அடித்துக்கொண்டது. தெரியாமல் இருந்திருந்தால் சாமியையாவது ஒழுங்காகக் கும்பிட்டிருப்பேன்.

இன்னொரு மருந்துக்காக வெளியே ஓடியபோது, வராந்தாவில் தேவாலா அம்மாவின் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். மனைவியின் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் வைத்திருந்தார். "தியேட்டருக்குக் கொண்டு போயாச்சுங்களா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லைங்க" என்றேன். பொய்யில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு போனேன்.

நான் திரும்பி வந்தபோது தேவாலா அம்மாவின் இமை துடித்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்: "ஆபரேஷன் முடிஞ்சுதுங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். நான் பக்கத்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன். பெயர் கேட்டோம், சொன்னார். ஊர் கேட்டோம், சொன்னார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்குப் பெரியவள் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார். அவ்வளவு நல்ல பேச்சை நான் கேட்டதே இல்லை. ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். ஐ.சி.யூ.வில் இடமில்லாததால் அதே கட்டிலிலேயே குளுக்கோஸ் சொட்டச் சொட்ட வைத்துக்கொண்டு, அடிக்கடி சர்க்கரை பார்ப்பது என்று முடிவானது.

ஊசி போட்ட நர்ஸ் கூடலூர்ப் பொண்ணு, வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. மருந்து அறையில் அலமாரியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "பேரு சொல்லிக் கேட்டேன் அக்கா. அவங்க ஆமான்னு சொன்னாங்க. சத்தியமா சொன்னாங்க" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இரவுப் பணி நர்ஸ் அவளிடம் பொறுப்பை ஒப்படைத்ததே மேசையில் உட்கார்ந்து, கட்டில் எண்ணைச் சொல்லித்தான். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் பெர்ன்ஹில் அம்மாவின் பெயர். அந்த அட்டையை யாரும் மாற்றவில்லை, மாற்ற வேண்டும் என்று அந்த இரண்டு அம்மாக்களுக்கும் தெரியாது.

நிர்வாக அதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் எந்த விஷயத்தையும் மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டால் நேராகிவிடும் என்று நம்புகிறவர். "நல்லாத்தானே இருக்காங்க? அப்புறம் எதுக்குக் கிளறணும்? மயக்கம் வந்துச்சு, சரி பண்ணிட்டோம்னு சொல்லுங்க. கட்டில மாத்திக்கிட்டது அவங்க தப்புதானே?"

"ஜன்னல் மூடலைன்னு நான் கரடியாக் கத்தினேனே, அது யாரு தப்புங்க சார்?" என்றேன். கத்தியேவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். நல்லவேளையாகப் பெரிய டாக்டர் அங்கே இருந்தார். "நடந்ததை நடந்தபடி சொல்லிடுங்க சிஸ்டர்" என்று முடித்துவிட்டார். சொல்லச் சொல்லிவிட்டு அவர் ஆபரேஷனுக்குப் போய்விட்டார். சொல்ல வேண்டியது நான்.

போகிற வழியில் வார்டில் எல்லாரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. ஜன்னலோரம் பெர்ன்ஹில் அம்மாவும் பார்த்தார். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "சாப்பாடு வந்துதுங்களாம்மா?" என்றேன். "வந்துதுங்க" என்று சிரித்தார்.

தேவாலா அம்மாவின் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டுக் கட்டிலருகே உட்கார வைத்து இரண்டு பேரிடமும் சொன்னேன். இன்னொருவருக்குப் போட வேண்டிய ஊசியை உங்களுக்குப் போட்டுவிட்டோம், அதனால்தான் மயக்கம், அது எங்கள் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. முந்தியே மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தும் நாக்கு குழறியது.

அந்த அம்மா பதறிப்போனார். "ஐயோ, நாந்தானுங்களே ஆமான்னு சொன்னேன். அந்தச் சிஸ்டர் பொண்ண ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க."

"வேற பேரச் சொன்னாங்களே, ஏம்மா ஆமான்னீங்க?"

"எங்களுக்கு அதுதானுங்க பழக்கம். சூப்பர்வைசர் கேட்டாலும் சரி, எஸ்டேட்டு டிஸ்பென்சரியில கேட்டாலும் சரி, ஆமாங்கன்னுதான் வாயில வரும். படிச்சவங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்? ஆபரேசனுக்கு முன்னாடி ஊசி போடுவாங்கன்னு வேற சொல்லியிருந்தாங்க."

அன்றைக்குப் பிறகு எங்கள் மருத்துவமனையில் யாரும் பெயரைச் சொல்லி "நீங்கதானே?" என்று கேட்கக் கூடாது. "உங்க பேர நீங்க சொல்லுங்க" என்றுதான் கேட்க வேண்டும். பொறுப்பு ஒப்படைப்பதும் கட்டில் பக்கத்தில் நின்றுதான். பட்டையைக் கணுக்காலில் கட்டிப் பார்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஊட்டியில் காலுறை போடாமல் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன், அதோடு அந்த யோசனை முடிந்தது. ஒவ்வொரு தடவையும் பெயர் கேட்பதால் நோயாளிகளுக்கு எரிச்சல். "ஏனுங்க, வந்ததிலிருந்து எங்க ஊட்டுப் பேரெல்லாம் சொல்லிட்டேன், இன்னுமா மனசுல நிக்கல?" என்று கேட்டவர்கள் உண்டு. நிற்கிறது, ஆனாலும் சொல்லுங்கள் என்பேன். ஜன்னல்களுக்குப் புதுச் சட்டம் போட்டுவிட்டார்கள். அதற்கும் நான் கத்த வேண்டியிருந்தது.

இதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு நான் பேசி முடித்த பிறகும் அந்த வீட்டுக்காரர் செருப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சண்டை போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். குரலை உயர்த்தாமல் கேட்டார்: "இவ எந்திரிச்சதனால சொல்றீங்க. எந்திரிக்காமப் போயிருந்தா சொல்லியிருப்பீங்களாங்க?"

"சொல்லியிருப்பேங்க" என்றேன். சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த நிமிடம் என் குரலை எனக்கே நம்ப முடியவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நம்பினாரா என்று தெரியாது.

தேவாலா அம்மாவுக்குக் கண் சொருகியது. தூங்கப்போகும் முன் என் விரலைப் பிடித்து, "அந்தம்மா கட்டல அவங்களுக்கே குடுத்துருங்க சிஸ்டர். என்னால அவங்க குளுர்ல கெடக்கறாங்க" என்றார். நீங்கள் தூங்குங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனேன்.

பெர்ன்ஹில் அம்மா மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்து ஸ்டூலில் மதியச் சாப்பாட்டுத் தட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தது. அதற்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில், சுவரோரக் கட்டிலிலிருந்து ஆயா பிறகு கொண்டுவந்து வைத்த காலை டிபன் தட்டும் மூடியபடியே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். இட்லி கல்லாகிக் கிடந்தது, சட்னி காய்ந்து ஓரத்தில் ஒட்டியிருந்தது.

"ஏனுங்கம்மா, காலைல இருந்து ஒண்ணுமே சாப்பிடலீங்களா?"

"ஊசி போட்டாத்தானுங்களே சாப்பிடலாம்" என்றார் சாதாரணமாக. "இன்னும் போடலீங்க. போடட்டும்னு உக்காந்திருக்கேன்."

ஒரு ஊசி ஒருவருக்குத் தவறிப் போயிருக்கிறது என்றால், அது போய்ச் சேர வேண்டிய இன்னொருவர் இருக்கிறார். இதைவிடச் சின்னக் கணக்கு உலகத்தில் இல்லை. டாக்டர், நிர்வாக அதிகாரி, நான், அழுத அந்தப் பொண்ணு, ஒருவருக்கும் தோன்றவில்லை. காலையில் இவருடைய கையைப் பிடித்து இவருடைய பெயரை வாய்விட்டுப் படித்ததே நான்தான். வருடக்கணக்காக இன்சுலினில் ஓடுகிற உடம்பு, காலில் புண்ணை வைத்துக்கொண்டு, மருந்தும் இல்லாமல் சாப்பாடும் இல்லாமல் மதியம்வரை எங்கள் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

"கேட்டிருக்கலாமேம்மா! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நீங்கெல்லாம் அந்தப் பொண்ணுக்காக ஓடிட்டிருந்தீங்க. அந்த நேரத்துல வந்து எனக்கு ஊசின்னு கேட்டா நல்லாவா இருக்கும் கண்ணு?"

வார்டின் அந்தக் கோடியில் நின்ற நர்ஸைப் பார்த்து, மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடி வா என்று கத்தினேன். கட்டில்களில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெர்ன்ஹில் அம்மா மட்டும் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"மெதுவாப் பேசுங்க. அந்தப் பொண்ணு இப்பத்தான் தூங்குது."

தூங்குது என்ற சொல்லைக் கேட்டதும் சட்டென்று திரும்பினேன். சுவரோரக் கட்டிலில் கம்பளி மேலே ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. இன்னொரு மூச்சும் வரட்டும் என்று நின்று பார்த்தேன். வந்தது. அதன் பிறகுதான் இவருடைய விரலை எடுத்துக் குத்தினேன்.